நூர்ஜஹான் அம்மையாரின் இல்லமும் பூந்தோட்டமும்

தெற்கேயிருந்து உறவினர் வந்தால் அவர்களை ஆக்ராவுக்கு அழைத்துச் சென்று தாஜ்மஹாலைக் காட்டி வருவது வடநாட்டில் வாழும் நம் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. தாஜைக் கண்டு, கோட்டையைச் சுற்றி, பூசணிக்காயில் செய்யும் பேட்டா மிட்டாயில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வண்டியேறிவிடுகிறார்கள். யமுனையின் கீழ்க்கரையில் உள்ள இதிமாத் உத் தௌலாவின் சமாதியை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. தாஜ்மஹாலின் வேலை தொடங்குவதற்கு முன்னரே, 1622 முதல் 1628 வரையிலான ஆண்டுகளில், வெண்சலவைக்கல்லில் வண்ணக் கற்களைப் பதித்து எழுப்பிய கட்டடம் அது. எழுப்பியவர் ஒரு பெண்மணி. இறந்த தாய் தந்தையர்க்கு மகள் செய்த கைங்கரியம். அப்பெண்மணியே நூர்ஜஹான்.

இவ்வம்மையாரைப் பற்றி நம்மவர் அறிந்தவை இரண்டு. நாடகமும் சினிமாவும் அவரைக் காதல் நாயகியாக்கின. பள்ளிச் சரித்திரப் புத்தகமோ கணவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு நாட்டை ஆண்ட சூழ்ச்சிக்காரியாகக் காட்டிற்று. இரண்டையும் முற்றிலும் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் தரைவிரிப்பு, கல்யாணத் துணி, பன்னீர், பூப்பாத்தி ஆகிய வீட்டுப் பொருள்களில் அவர் செலுத்திய கருத்தே அவருடைய அதிகாரத்தைக் காட்டிலும் நீண்ட நாள் நிலைத்தது என்பது நம் துணிபு. அரசியல் வரலாற்றை அறிஞர்கள் எழுதட்டும். குடும்பஸ்தர்கள் படிக்கும் இம்மலரில் அவருடைய வீட்டையும் தோட்டத்தையும் பார்ப்போம்.

ஊர்விட்டு ஊர்வந்த குடும்பம் அது. தந்தை மிர்ஸா கியாஸ் பேக் பாரசீக நாட்டில் உயர்ந்த உத்தியோகஸ்தர் ஒருவரின் மகன். காலம் மாறவே, கர்ப்பவதியான மனைவி அஸ்மத் பேகத்தையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அக்பர் பாதுஷாவிடம் பிழைப்புத் தேடி இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில் கள்வர் கைவரிசையில் இருந்த பொருளும் போயிற்று. 1577-ஆம் ஆண்டில் காந்தஹாருக்கு அருகே அவர்களுக்குப் பெண் மகவு பிறந்தது. வளர்க்க வழியின்றிப் பெற்றோர் குழந்தையை மரத்தடியில் விட்டுச் சென்றனர் என்றும், பின் மனம் பொறாமல் திரும்பி வந்து எடுத்துக்கொண்டனர் என்றும் பிற்காலத்தார் ஒரு கதை சேர்த்தனர். அக்கதைக்கு ஆதாரம் இல்லை. குழந்தைக்கு மெஹ்ருன்னிஸா என்று பெயரிட்டனர். பெண்களுள் சூரியன் என்று பொருள்.

கியாஸ் பேக் கணக்கு வழக்கில் வல்லவர். அக்பருடைய சேவையில் படிப்படியாக உயர்ந்து காபூலின் திவான் ஆனார். ஜஹாங்கீர் 1605-இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு இதிமாத் உத் தௌலா என்ற விருது கிடைத்தது. அரசின் நம்பிக்கைத் தூண் என்பது அதன் கருத்து. எழுத்து வேலையில் தொடங்கி இவ்வளவு தூரம் ஏறியவரைப் பற்றி எழுதும்போது குமாஸ்தாவாகிய நமக்கும் சிறிது மகிழ்ச்சி உண்டாகாமல் இல்லை.

தாயாரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. அஸ்மத் பேகம் வீட்டிலேயே பன்னீர் வடிப்பவர். சூடான பன்னீரைக் கூஜாவிலிருந்து தட்டுகளில் ஊற்றும்போது, பால் ஆறினால் ஏடு படிவது போல, அதன்மேல் எண்ணெய்ப் பசையாக ஏதோ படிவதைக் கண்டார். வேறொருவராயின் துடைத்து எறிந்திருப்பார். அவர் அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தார். உள்ளங்கையில் ஒரு துளி தடவினால் கூடம் முழுவதும் ரோஜா மலர்ந்தது போல் மணந்தது. ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் இதை வியந்து எழுதி, அவ்வம்மையாருக்கு முத்துமாலை பரிசளித்ததையும் குறித்திருக்கிறார். அத்தருக்கு ஜஹாங்கீர் பாதுஷாவின் பெயரே சூட்டப்பட்டது. இத்தகைய தாயின் கைப்பக்குவத்தில் வளர்ந்தவர் மெஹ்ருன்னிஸா.

1594-இல் அவருக்கு அலி குலி என்னும் பாரசீக வீரருடன் திருமணம் நிகழ்ந்தது. ஷேர் அஃப்கன் என்று பட்டம் பெற்றவர் இவர். லாட்லி என்று ஒரே பெண் குழந்தை. வங்காளத்தில் பர்துவானில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கையில், 1607-இல், ஷேர் அஃப்கன் மீது ராஜத்துரோக ஐயம் எழுந்தது. சுபேதார் அவரைப் பிடிக்க வந்தபோது நேர்ந்த சண்டையில் சுபேதாரும் மாண்டார். அவரும் வெட்டுண்டு இறந்தார். ஜஹாங்கீர் மெஹ்ருன்னிஸாவை முன்பே விரும்பியிருந்ததாகவும், அதற்காகவே கணவரைக் கொல்வித்ததாகவும் ஊர் அறிந்த கதை ஒன்றுண்டு. அக்காலத்திலேயே எழுதியவர்கள் எவரும் அதைச் சொல்லவில்லை. நாம் அதை நம்பவில்லை.

முப்பது வயதில் விதவையாகிய பெண் கைக்குழந்தையுடன் ஆக்ரா அரண்மனைக்கு வந்து, அக்பரின் முதிய மனைவியருள் ஒருவரிடம் பணிப்பெண்ணாக அமர்ந்தார். அந்த நான்கு ஆண்டுகளை அவர் எவ்வாறு கழித்தார் என்பதற்கு, 18-ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய அலெக்ஸாண்டர் டௌ என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சித்திரம் தந்துள்ளார். அரண்மனை அளித்த சிறு படித்தொகை போதாமையால், அவர் பட்டில் பூவேலை செய்தும் சித்திரம் தீட்டியும் அந்தப்புரத்துப் பெண்களுக்கு விற்றாராம். வந்த பணத்தில் தம் அறைகளை அலங்கரித்தும், தம்மிடம் இருந்த ஏவல் பெண்களுக்கு நல்லாடை அணிவித்தும், தாம் மட்டும் வெறும் வெள்ளை மஸ்லினே உடுத்தினாராம். காலத்தால் மிகவும் பிந்திய எழுத்தாகையால் இதனை அப்படியே ஏற்கலாகாது. ஆயினும் பின்னாளில் அவர் செய்தவற்றோடு இது பொருந்தி வருகிறது. அழகு என்பது பணத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று அறிந்தவர் அவர்.

1611-இல் புத்தாண்டு விழாச் சந்தையில் ஜஹாங்கீர் அவரைக் கண்டார். அவ்வாண்டு மே மாதமே திருமணம் நடந்தது. அப்போது மணமகளுக்கு வயது 34. முதலில் நூர் மஹல், அதாவது அரண்மனையின் ஒளி என்றும், 1616-இல் நூர்ஜஹான், அதாவது உலகின் ஒளி என்றும் பட்டம் பெற்றார். பின்வந்த பெருமைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அவர் முத்திரையிட்ட ஆணைகள் நாடெங்கும் சென்றன. கணவரின் பெயரோடு அவர் பெயரும் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. அவுரி நீலத்திலும் துணியிலும் வியாபாரம் செய்தார்; கப்பல்களும் வைத்திருந்தார். 1617-இல் யானைமீது அமர்ந்து ஆறு குண்டுகளால் நான்கு புலிகளை வீழ்த்தினார். பெற்றோரற்ற ஏழைப் பெண்கள் பலருக்குத் தம் செலவில் மணம் முடித்து வைத்தார்.

இனி வீட்டுக்குள் வருவோம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய காஃபி கான் என்னும் வரலாற்றாசிரியர், இந்துஸ்தானத்தின் உடையிலும் வீட்டு அலங்காரத்திலும் நூர்ஜஹான் புகுத்திய புதுமைகளை ஒரு பட்டியலாகவே தருகிறார். அரசாணைகளைப் பட்டியலிடும் ஆசிரியர் துணிமணிகளைப் பட்டியலிட்டது நம் நல்ல காலம்.

முதலாவது, ஃபர்ஷ் இ சாந்தனி என்னும் தரைவிரிப்பு. சிலர் இதைச் சந்தன நிறம் என்பர். சிலர் நிலவொளி போன்ற வெண்மை என்பர். எதுவாயினும் அதன் நயத்தைக் கவனிக்க வேண்டும். பாரசீகக் கம்பளம் என்றால் சிவப்பும் நீலமும் கொடியும் பூவுமாகக் கண்ணை நிறைக்கும். எங்கும் வண்ணமயமாக இருந்த அக்கூடங்களில் தரையை அமைதியான ஒரே நிறமாக வைத்தால், அதன்மேல் வைக்கும் பூக்கிண்ணமும், அமரும் மனிதருமே துலங்குவர். வடநாட்டில் பாட்டுக் கச்சேரிக்கோ கல்யாணப் பேச்சுக்கோ கம்பளத்தின்மேல் விரிக்கும் வெள்ளை விரிப்பை இன்றும் சாந்தனி என்றே அழைக்கிறார்கள். நம் சங்கத்து விழாக்களுக்கு வாடகைக்கு எடுக்கிறோமே, அதே வெள்ளை விரிப்புத்தான்.

அடுத்து மெல்லிய துணிகள். தோதாமி என்பது பூப்போட்ட மஸ்லின். ஓர் ஆடைக்குரிய துணி இரண்டு தாம் எடைதான் இருக்குமாம். பஞ்ச்தோலியா என்பது முக்காட்டுத் துணி; ஐந்து தோலா எடை. நெருப்பாய்க் காயும் ஆக்ரா வெயிலை அறிந்த எவரும் இவற்றின் அருமையை உணர்வர். வெள்ளிச் சரிகைத் துணியாகிய பாத்லாவும், ஓரத்தில் தைக்கும் கினாரியும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன.

இவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது நூர்மஹலி என்பது. மணமகன், மணமகள் இருவருக்குமான சரிகைக் கல்யாண உடுப்பு. விலை 25 ரூபாய். அக்காலத்து 25 ரூபாய் சிறு தொகையன்று என்பது மெய்யே. ஆனால் சரிகையுடுப்பு என்பது பிரபுக்கள் மாளிகைக்கே உரியதாயிருந்த நாளில், நடுத்தரக் குடும்பம் கடன்படாமல் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மங்கலமாக உடுத்த வழி செய்தது இது. மகாராணி ஒருவர் தம் பெயரை வைரத்துக்குச் சூட்டாமல் மலிவான கல்யாணத் துணிக்குச் சூட்ட இசைந்தாரே! பெண்ணைப் பெற்று, புடைவைக் கடைக்கும் சேமநிதிக் கடனுக்கும் இடையே நடக்கும் நமக்கு, நான்கு புலிகளை வீழ்த்தியதைவிட இதுவே பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

அரண்மனை என்றதும் ஓரிடத்தில் நிலைத்த வாழ்க்கை என்று எண்ணிவிடலாகாது. முகலாய தர்பார் ஆண்டில் பல மாதம் வழியிலேயே இருந்தது. ஆக்ரா, அஜ்மீர், மாண்டு, அகமதாபாத், லாகூர், காஷ்மீர் என்று நகரமே கூடாரமாய் நகரும். பாதுஷாவின் கூடாரங்கள் இரட்டைத் தொகுதி. ஒன்றில் தங்கியிருக்கையில் மற்றொன்று முன்னே சென்று அடுத்த முகாமில் ஆயத்தமாக நிற்கும். துணிச்சுவரும் விரிப்பும் திண்டும்தான் அங்கே வீடு. ஆகவே அம்மையாரின் கலை, சுருட்டி எடுத்துப் போகக்கூடிய கலையாக வளர்ந்ததில் வியப்பில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி படுக்கையைக் கட்டிப் புது குவார்ட்டர்ஸில் அதே திரைச்சீலையை அதே ஆணியில் தொங்கவிடும் நம் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்கவேண்டுவதில்லை.

எடுத்துப் போக முடியாதது தோட்டம் ஒன்றே. அதனால்தான் போலும், போன இடமெல்லாம் அவர் தோட்டம் வைத்தார். 1620-களில் ஆக்ராவில் வாழ்ந்த பெல்சார்ட் என்னும் டச்சு வணிகர், நூர்ஜஹானைப் பற்றி நல்லெண்ணம் உடையவர் அல்லர். அவரே, அம்மையார் திசைதோறும் பெருஞ்செலவில் சத்திரங்களும் பூங்காக்களும் எழுப்பியதை ஒப்புக்கொண்டு எழுதினார். பஞ்சாபில் ஜலந்தர் ஜில்லாவில் 1618 முதல் 1620 வரை கட்டிய அவருடைய சத்திரத்தின் மேற்கு வாயில் செங்கல் நிறச் சிற்பங்களோடு நிற்கிறது. அவ்வூருக்கே நூர்மஹல் என்று பெயர். பில்லோர் – லோகியான் கிளைப் பாதையில் செல்வோர் அப்பெயரை ஸ்டேஷன் பலகையில் காணலாம்.

ஆக்ராவில் யமுனையின் கீழ்க்கரையில் பழைய தோட்டம் ஒன்றைத் திருத்தி நூர் அஃப்ஷான் என்று பெயரிட்டார். அது இன்று ராம் பாக் என வழங்குகிறது. கரையோரமாக உயர்ந்த மேடை. அதன்மேல் எதிரெதிரே மண்டபங்கள். கிணற்றிலிருந்து இறைத்த நீர் மேடையிலிருந்து கீழ்ப்பாத்திகளுக்குச் சரிந்து ஓடும் வாய்க்கால்கள். உயரத்திலிருந்து நீரை விட்டுத் தட்டுத்தட்டாகப் பாய்ச்சும் இம்முறையை வயலில் மடை திறந்து பழகிய நம்மவர் உடனே புரிந்துகொள்வர். வெயில் நாட்டில் முகலாயர் தோட்டத்துக்கு நீரே உயிர். நிழல் இரண்டாவது, பூ மூன்றாவதுதான்.

காஷ்மீரிலோ பூவே முதன்மை. 1620-ஆம் ஆண்டின் வசந்தத்தை ஜஹாங்கீரும் அவரும் அங்கே கழித்தனர். மரவீடுகளின் கூரைமேல் மண் பரப்பி வளர்த்த டியூலிப் மலர்கள் பூத்து நின்றதைப் பாதுஷா கண்டு எழுதினார். அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் அப்பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்தார். ஊற்றுநீர் பீறிட்டு வரும் அச்சாபல் என்னும் இடத்தில் நூர்ஜஹான் தோட்டம் அமைத்தது அந்நாளிலேயே. மலைக்காட்டு மரங்கள் பின்னணியாக நிற்க, ஊற்று அருவியாய் விழுந்து மண்டபத்தைச் சூழ்ந்து ஓடுகிறது.

பருவத்துக்கொரு பூ என்னும் இந்த அறிவு வடநாட்டுக்கு வந்த பின்னரே நமக்கும் வாய்த்தது. தெற்கே மல்லிகையும் கனகாம்பரமும் மாதக்கணக்கில் கிடைத்துக்கொண்டே இருக்கும். இங்கே ஐப்பசியில் நாற்று விட்டால்தான் மாசியில் குவார்ட்டர்ஸ் முற்றம் நிறையும். பங்குனி வெயில் உறைத்தால் அத்தனையும் கருகும். பின் மறு ஐப்பசி வரை காத்திருத்தல்தான்.

வாடாத பூவை ஒரேயொரு இடத்தில் அம்மையார் வைத்தார். 1621-இல் தாயார் மறைந்தார். துணை இழந்த துயரம் தாங்காமல் தந்தையும் 1622 ஜனவரியில் கண்மூடினார். அவ்விருவரையும் அருகருகே அடக்கம் செய்த சமாதியைத்தான் முதலில் குறிப்பிட்டோம். நாற்புறமும் தோட்டம், நடுவே நான்கு மூலையிலும் கோபுரம் தாங்கிய சிறு மாளிகை. சலவைக்கல்லைக் குடைந்து மஞ்சள், சிவப்பு, பழுப்பு, கருநிறக் கற்களை இழைத்திருக்கிறார்கள். இவ்வேலை இத்துணை விரிவாக அதற்குமுன் முகலாயர் கட்டடம் எதிலும் செய்யப்பட்டதில்லை. அருகே சென்று பார்த்தால், போர்க் காட்சியோ வேட்டைக் காட்சியோ இல்லை. பூக்குடுவை, பழத்தட்டு, மாதுளை, சைப்ரஸ் மரம், பன்னீர்ச் செம்பு, கூஜா: ஒரு வீட்டின் கூடத்தில் இருப்பவை அனைத்தும் சுவரில் இருக்கின்றன. பன்னீரில் ஏடு படிவதைக் கண்டறிந்த தாய்க்கு மகள் வேறு எதைச் செதுக்குவாள்? வெளிச்சுவரில் நட்சத்திரக் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிச் செல்வதைக் காணும் நம் பெண்கள் மார்கழிக் கோலத்தை நினையாமல் இருக்க மாட்டார்கள். பெரிய தாஜ்மஹாலைக் கட்டியவர் இம்மகளின் உடன்பிறந்தார் மகளை மணந்தவர்தாம் என்பதையும் நினைவிற் கொள்க.

அச்சமாதி முடியும் முன்பே அம்மையாரின் நல்ல காலம் முடிந்தது. 1626-இல் மஹாபத் கான் என்ற தளபதி ஜீலம் நதிக்கரையில் பாதுஷாவைச் சிறைப்படுத்தினான். நூர்ஜஹான் யானைமேல் ஏறி ஆற்றைக் கடந்து போரிட்டார். வெற்றி கிட்டவில்லை. பின் தாமே சிறைக்குள் சென்று கணவருடன் இருந்து, சில மாதங்களில் யுக்தியால் மீட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீர் இறந்தார். அம்மையார் தம் மருமகன் ஷஹ்ரியாரை, அதாவது லாட்லியின் கணவரை, அரியணை ஏற்ற முயன்றார். உடன்பிறந்த சகோதரர் ஆசப் கானோ தம் மருமகன் ஷாஜஹானின் பக்கம் நின்றார். தங்கையைக் காவலில் வைத்தவரும் அவரே. ஷஹ்ரியார் குருடாக்கப்பட்டுக் கொலையுண்டார். தாயும் மகளும் இருவரும் விதவைகளாய் லாகூரில் ஒதுங்கினர்.

ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் படி கிடைத்தது. அரசியலை அவர் பிறகு தீண்டவில்லை. வெள்ளாடை அன்றி வேறு உடுத்தவில்லை, விருந்து கேளிக்கைகளுக்குச் செல்லவில்லை என்று எழுதியுள்ளனர். சாந்தனி விரிப்பைக் கண்டவர்க்கு அவ்வெண்மை புதிதன்று. ராவி நதிக்கு அப்பால் ஷாதராவில் அவருடைய தில்குஷா என்னும் தோட்டம் இருந்தது. ஜஹாங்கீரின் உடல் அங்கேதான் அடக்கமாயிற்று. குவிமாடம் இன்றி, நான்கு மூலைக் கோபுரத்துடன், பூவேலை நிறைந்து அமைந்த அச்சமாதியில் ஆக்ராச் சமாதியின் சாயலைக் காண்கிறார்கள் கலை அறிந்தோர். அருகிலேயே, பக்கத்துக்கு ஏழு வளைவுகள் கொண்ட ஒற்றைத் தளக் கட்டடம் ஒன்றைத் தமக்கென்று எழுப்பிக்கொண்டார். 1645 டிசம்பர் 17-இல் தம் 68-ஆம் வயதில் காலமாகி அங்கே அடக்கமானார்.

19-ஆம் நூற்றாண்டில் அக்கட்டடத்தின் சலவைக்கற்களைப் பெயர்த்து எடுத்துப் போயினர். செங்கல் உடல் மட்டும் நின்றது. வெள்ளையர் காலத்தில் லாகூரிலிருந்து வடக்கே இருப்புப்பாதை போட்டபோது, அது தோட்டங்களின் ஊடே சென்று, ஜஹாங்கீரின் சமாதி ஒருபுறமும் நூர்ஜஹானின் சமாதி மறுபுறமுமாகப் பிரித்துவிட்டது. ரயில்வேயில் சோறு உண்ணும் நமக்கு இதைப் படிக்கையில் சிறிது மனம் கூசத்தான் செய்கிறது. நிலம் அளந்தவர் ஒரு பர்லாங்கு தள்ளி அளந்திருக்கலாம். 1947-க்குப் பின் அவ்விடம் பாகிஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே வளைவுகளுக்கு உள்ளே, நடுக்கூடத்தில், இரண்டு கல்லறைகள் உள்ளன. ஒன்று தாயினுடையது. மற்றது லாட்லியினுடையது.